வெடிப்பலாவின் உச்சியில்

எழும்பூரில் 1855-இல் பிறந்த விலங்குக் காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். தாம்பரம் தாண்டி அங்கே போகிறவர்கள் சிங்கவால் குரங்கை எளிதாகப் பார்த்துவிடலாம். அது வாழும் உலகம் எது என்பதுதான் நெடுங்காலம் பிடிபடவில்லை.

நம் பக்கத்துக் காடுகளை வைத்து அதை ஊகிக்க முடியாது. வண்டலூர், நன்மங்கலம், 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி வந்தமர்ந்த சேலையூர்க் காடு எல்லாம் குட்டையான காடுகள்; அண்ணாந்தால் உச்சிக்கிளை தெரியும். அந்தக் குரங்கு வாழும் களக்காடு மலையின் மழைக்காட்டில் அண்ணாந்தால் இலைக்கூரைதான் தெரியும். பூவும் காயும் அதற்கு மேலே. உதிர்ந்ததைப் பொறுக்கியோ, மரத்தையே வெட்டிச் சாய்த்தோதான் அந்த உச்சியை அறிந்தார்கள்.

ஏறிப் பார்க்கத் துணிந்தவர்களில் ஒருவர் ஹிங்ஸ்டன். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1924 எவரெஸ்ட் பயணத்தின் மருத்துவர். 1929-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவோடு பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய், கயிறு கட்டி ஏறி, மர உச்சிகளில் பூச்சிப்பொறிகளைத் தொங்கவிட்டார். அதே 1929-இல் இங்கே களக்காடு மலைப்பக்கம் சிங்கம்பட்டி ஜமீன் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா நிறுவனத்திடம் போனது. அங்கே ஆராய்ச்சி ஏறியது, இங்கே கோடரி இறங்கியது. அந்தக் காட்டின் மாஞ்சோலையிலும் காக்காச்சியிலும் தேயிலை வந்தது.

மிஞ்சிய காக்காச்சிக் காட்டில் 1990-களில் ஏறியவர்கள் ஆய்வாளர்கள் டி. கணேஷும் சௌபத்ரா தேவியும். முறை எளியது: மெல்லிய நூலைக் கிளைக்கு மேல் செலுத்தி, அதைக் கொண்டே தடித்த கயிற்றை இழுத்துக் கட்டி, இடுப்புப் பட்டையோடு ஏறுவது. கேட்கச் சாகசம்தான், வேலையோ பெரும்பாலும் காத்திருப்பு. ஒரு பூவுக்கு யார் வருகிறார்கள் என்று பகலும் இரவும் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்த மரங்களில் முக்கியமானது வெடிப்பலா, டுரியானின் உறவு. அதன் பூவுக்கு இதழ் கிடையாது. சதைப்பற்றான புல்லிவட்டம் மட்டும். தடித்த கிளையிலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். சிங்கவால் குரங்கு, மந்தி, மலையணில், மரநாய், வௌவால் எல்லாம் அதைத் தின்ன வருகின்றன. கீழிருந்து பார்க்கிறவனுக்கு இது மரத்துக்கு நஷ்டக் கணக்கு. மேலே போனவர்கள் கண்டதோ வேறு: தின்கிற முகத்தில் மகரந்தம் ஒட்டுகிறது, அடுத்த மரத்துக்குப் போகிறது. 2000-இல் இதை வெளியிட்டார்கள். மகரந்தச் சேர்க்கை என்றாலே வண்டும் தேனீயும் என்று படித்த நமக்கு இது நல்ல குட்டு.

2003-இல் சௌபத்ரா தேவியும் பிரியா தாவிதாரும் காக்காச்சியின் 86 மர இனங்களுக்கு மகரந்தக் கணக்கு எழுதினார்கள். 2009-இல் உலகெங்கும் உள்ள மர உச்சி ஆய்வாளர்கள் மாநாட்டுக்குப் பெங்களூர் வந்தார்கள்.

சிங்கம்பட்டிக் குத்தகையின் 99 ஆண்டு 2028-இல் முடிகிறது. அந்த ஜமீன் காடு கைமாறிய கதை அடுத்த வாரம்.