மதிலும் உட்சுவரும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பிற்காலத்தில் அவ்வொரு மதிலுக்குள்ளேயே அரசாங்க அலுவலகங்கள் பல இயங்கின. புறப்பகையைத் தடுப்பது மதில். அயலறையாரைத் தடுப்பது உட்சுவர்.

கணனியின் வரலாறும் இத்தகையதே. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967 அளவில், ஒரே பொறியைப் பலர் தத்தம் தனிப்பொறிபோற் கையாள வழிகண்டனர். 1988இல் அப்பிரிவினை பெருங்கணனியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டது. 2001இல் சந்தைக்கு வந்த ‘பிளேட்’ சேவையகங்களோ, மெல்லிய பலகைகளாய் ஒரே கூண்டில் நிரையாக நின்று மின்வழங்கலைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் வந்தவை சிலவற்றில் செயலியும் நினைவகமும் வன்பொருளின் துணையோடு கூறுபடுத்தப்பட்டன; தொடக்க நிரலின் அளவீடுகளைப் பதியும் டீ.பீ.எம். என்னும் காப்புச் சில்லும் இடம்பெற்றது.

ஆயினும், 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைபாடுகள், அடுத்த கட்டளையை முன்கூட்டியே ஊகித்து இயங்கும் செயலியினூடாக ஒரு நிரலின் இரகசியம் மற்றொன்றுக்குக் கசியலாம் என நிறுவின. நோயாளர் குறிப்பும் மாணவர் புள்ளியும் பொறியிலே தங்கும் இக்காலத்தில், கூண்டு ஒன்றாயினும் அருந்தரவுக்குப் பலகை வேறாதல் வேண்டும் என்பார் கூற்று வலுவுடையதாகும்.