3 லட்சம் ரூபாய்க்கு 400 கி.மீ ஓடும் நானோ எலெக்ட்ரிக்... வருமா? வந்தால் எப்படி இருக்கும்?

'டாடா நானோ எலெக்ட்ரிக் வந்தாச்சு... விலை வெறும் 3 லட்சம், ஒரு சார்ஜுக்கு 400 கி.மீ!' - இப்படி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். கூடவே ஒரு படம். கண்ணாடிக் கூரை, முன்பக்கம் முழுக்க நீளும் எல்.இ.டி கோடு, டேஷ்போர்டில் டி.வி சைஸுக்கு ஒரு ஸ்கிரீன். பார்த்தாலே 'எப்போ புக்கிங்?' என்று கேட்கத் தோன்றும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படி ஒரு கார் வரப்போகிறது என்று டாடா இதுவரை அறிவிக்கவில்லை. சுற்றிவரும் படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவை. ஆனால், அந்த ஃபார்வர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர், ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி மடியில் இன்னொரு பிள்ளை என்று போய்வருபவர். 'நானோ எலெக்ட்ரிக் வந்துடும் சார், அதான் வெயிட் பண்றேன்' என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காத்திருக்கிற ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்தானே. அதனால், இந்தக் காரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை மறந்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஏன் இன்னும் நானோ?

2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் நானோவை ரத்தன் டாடா மேடையேற்றியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மழையில் நனைந்தபடி ஒரே டூ வீலரில் போன குடும்பத்தைப் பார்த்ததுதான் இந்த காருக்கான பொறி என்று அவரே சொல்லியிருக்கிறார். 1 லட்சம் ரூபாய் கார். 3.1 மீட்டர் நீளம், பின்பக்கம் 624 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜின், உள்ளே உட்கார்ந்தால் 'அட, இவ்ளோ இடமா?' என்று கேட்க வைக்கும் உயரம்.

ஆனால், விற்பனை எதிர்பார்த்த மாதிரி போகவில்லை. சிங்கூரிலிருந்து சனந்துக்கு ஃபேக்டரி இடம்மாறியது, சில கார்கள் தீப்பிடித்த செய்திகள், 2014 குளோபல் என்கேப் க்ராஷ் டெஸ்ட்டில் பூஜ்யம் ஸ்டார் என்று அடி மேல் அடி. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, 'மலிவான கார்' என்ற முத்திரை. அப்படி மார்க்கெட் செய்தது தவறு என்று பிற்பாடு ரத்தன் டாடாவே ஒப்புக்கொண்டார். கார் வாங்குவது நம் ஊரில் தெருவே பார்க்கும் விசேஷம். அதில் போய் 'இருப்பதிலேயே சீப்பானது' என்று பெயர் வாங்க யாருக்கு மனசு வரும்? 2018-ல் தயாரிப்பு நின்றது.

எலெக்ட்ரிக் நானோ என்பதும் வெறும் கற்பனை அல்ல. 2010 ஜெனீவா மோட்டார் ஷோவிலேயே நானோ எலெக்ட்ரிக் கான்செப்ட்டைக் காட்டியது டாடா. அப்புறம் நம்ம கோயம்புத்தூர்! இங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், நானோவின் பாடியை வாங்கி, எலெக்ட்ரா இவி நிறுவனத்தின் 48 வோல்ட் சிஸ்டத்தைப் பொருத்தி 'நியோ' என்ற பெயரில் எலெக்ட்ரிக் கார் செய்தது. டாக்ஸி ஓட்டத்துக்கான கார் அது. 2022-ல் அதே எலெக்ட்ரா இவி, 72 வோல்ட்டில் ஒரு நானோவை மாற்றி ரத்தன் டாடாவுக்குக் கொடுத்தது. அவர் அதன் பக்கத்தில் நிற்கும் போட்டோதான் இன்றைய வதந்திகளில் பாதிக்குத் தாய்.

பேட்டரிதான் விலை

எலெக்ட்ரிக் காரில் விலை அதிகமான ஒற்றைப் பொருள் பேட்டரி. ப்ளூம்பெர்க் என்.இ.எஃப் கணக்குப்படி 2024-ல் பேட்டரி பேக்கின் உலக சராசரி விலை ஒரு கிலோவாட் அவருக்கு 115 டாலர். நம் பணத்தில் சுமார் 10,000 ரூபாய். (கரன்ட் பில்லில் வரும் 'யூனிட்'டும் இந்த கிலோவாட் அவரும் ஒன்றுதான்.) சீனாவில் இன்னும் குறைவு, எல்.எஃப்.பி வகை பேட்டரி என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். எளிமைக்கு 10,000 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார், நகர நெரிசலில் ஏ.சி போட்டு ஓட்டினால் யூனிட்டுக்கு 8-லிருந்து 9 கி.மீ கொடுக்கும். நிஜமாகவே 400 கி.மீ ஓட வேண்டுமென்றால் 45 யூனிட் பேட்டரி வேண்டும். அதாவது பேட்டரி மட்டுமே நாலரை லட்சம்! பாடி, மோட்டார், கன்ட்ரோலர், சீட், டயர், ஏர்பேக், டீலர் கமிஷன் எல்லாம் அதற்கு மேல். முழு காரும் 3 லட்சத்துக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

மார்க்கெட்டில் இருப்பதைப் பாருங்கள். டாடாவின் டியாகோ இவி, 19.2 கிலோவாட் அவர் பேட்டரியோடு 2022-ல் 8.49 லட்சம் அறிமுக விலைக்கு வந்து, பிறகு 7.99 லட்சத்துக்கு இறங்கியது. எம்.ஜி காமெட், 17.3 கிலோவாட் அவர் பேட்டரியோடு 2023-ல் 7.98 லட்சத்துக்கு வந்தது. சீனாவில் வூலிங் ஹாங்குவாங் மினி இவி 2020-ல் 28,800 யுவானுக்கு, அன்றைய மதிப்பில் 3 லட்சத்துக்குச் சற்று மேல், வந்தது உண்மைதான். ஆனால் அந்த விலைக்கான ஆரம்ப மாடலில் 9.3 கிலோவாட் அவர் பேட்டரி, 120 கி.மீ ரேஞ்ச், ஏர்பேக் கிடையாது. இன்று நம் நாட்டில் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக், ஏ.பி.எஸ், க்ராஷ் டெஸ்ட் எல்லாம் கட்டாயம். பழைய நானோவை அப்படியே தூசு தட்டி, பேட்டரியை வைத்து விற்பது நடக்காது என்பதற்கு இதுவே போதும்.

ஒரு நியாயமான சின்ன எலெக்ட்ரிக் கார் 16-லிருந்து 20 யூனிட் பேட்டரியோடு, 5-லிருந்து 6 லட்சத்துக்கு வந்தால் அதுவே பெரிய சாதனை. இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்து, ஆல்ட்டோ கே10 போன்ற கார்களின் ஆரம்ப விலை 4 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. எலெக்ட்ரிக் காருக்கு ஏற்கெனவே 5 சதவிகிதம்தான். அதற்கு மேல் குறைக்க இடமில்லை.

டிசைன்: கண்ணாடிக் கூரையை மறந்துடுங்க!

வேடிக்கை என்னவென்றால், பழைய நானோவே பார்க்க எலெக்ட்ரிக் கார் மாதிரிதான் இருக்கும். இன்ஜின் பின்னால் இருந்ததால் முகத்தில் பெரிய கிரில் தேவைப்படவில்லை. காற்று போகும் துவாரங்கள் பின்கதவை ஒட்டி இருந்தன. பெட்ரோல் போடும் வாய் முன்பக்க பானெட்டுக்கு அடியில்! சார்ஜிங் போர்ட் வைக்க அதே இடம் ரொம்பப் பொருத்தம்.

உயரமும் உதவும். 20 யூனிட் எல்.எஃப்.பி பேட்டரி சுமார் 150 கிலோ எடை. அதைத் தரைக்கு அடியில் பரப்பினால் ஃப்ளோர் உயரும். உயரம் குறைந்த காரில் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். நானோ 1,652 மி.மீ உயரம். அந்த 'முட்டை' வடிவத்தில் ஃப்ளோரை உயர்த்தினாலும் தலை இடிக்காது. அப்படி ஒரு கார் வந்தால் உயரமான கூரை, சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளிய அமைப்பு, குட்டி மூக்கு - இதுதான் எங்கள் யூகம். பழைய 12 இன்ச் வீல் மட்டும் வேண்டாம். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் பள்ளத்துக்கும் 13, 14 இன்ச்சாவது வேண்டும். அடியில் பேட்டரி இருக்கும்போது கிரவுண்ட் கிளியரன்ஸில் கஞ்சத்தனம் கூடாது.

கதவு எத்தனை? காமெட்டில் இரண்டுதான். நான்கு பேர் உட்காரலாம், ஆனால் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். பாட்டியை அப்படி ஏற்ற முடியுமா? தவிர, பின்சீட்டில் ஆள் இருந்தால் பூட் என்ற ஒன்றே இல்லை. டியாகோ இவியில் 240 லிட்டர் பூட் உண்டு. பதிலுக்கு ஸ்டெப்னி போய்விட்டது. நானோவில் முதலில் டிக்கியை வெளியிலிருந்து திறக்கவே முடியாது, 2015-ல்தான் திறக்கிற கதவு வந்தது. குடும்பத்துக்கான கார் என்றால் நான்கு கதவும், இரண்டு பை வைக்க டிக்கியும் வேண்டும். இதில் பேரமே கிடையாது என்பது எங்கள் கட்சி. ஸ்கிரீன் இல்லாவிட்டால் செல்போன் மாட்ட ஒரு ஹோல்டர் போதும். அலாய் வீல் வேண்டாம். நல்ல ஏ.சி வேண்டும், மே மாதம் மெட்ராஸில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபாஸ்ட் சார்ஜிங்? ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அது இல்லாமல் விலை குறைந்தால் லாபமே.

'4.99 லட்சம்' என்று போட்டிருக்கே?

2024-ல் காமெட்டை 4.99 லட்சத்துக்குக் கொடுக்கிறோம் என்று எம்.ஜி அறிவித்தது. அது பேட்டரி இல்லாத விலை. பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் வாடகை. சோலார் கூரையோடு வந்த வேவ் ஈவாவின் 3.25 லட்சமும் இதே மாதிரி பேட்டரி வாடகைக் கணக்குதான். அதில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும்தான் உட்கார முடியும்.

கணக்குப் போடுவோம். வீட்டு கரன்ட் யூனிட் 9 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 காசுக்குள் முடியும். சின்ன பெட்ரோல் கார் நகரத்தில் 16 கி.மீ கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல். பேட்டரி வாடகையைச் சேர்த்தால் எலெக்ட்ரிக் கார் மூன்றரை ரூபாயைத் தாண்டிவிடும். அப்போதும் லாபம்தான், ஆனால் ஃபார்வர்டில் சொன்ன லாபம் இல்லை. கையெழுத்துப் போடும் முன், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, காரை விற்கும்போது வாடகை ஒப்பந்தம் யார் பெயருக்குப் போகும் என்று கேட்டுவிடுங்கள்.

ரேஞ்ச் விஷயத்திலும் அப்படித்தான். விளம்பரத்தில் வரும் எண்ணில் 25-லிருந்து 35 சதவிகிதம் கழித்துப் பாருங்கள். 230 கி.மீ என்றால் கையில் கிடைப்பது 150-லிருந்து 170.

எங்கே சார்ஜ் போடுவீங்க?

நாங்கள் பார்த்தவரை, நிறைய பேர் ரேஞ்சைக் கேட்கிறார்கள், பிளக் பாயின்ட்டை யோசிப்பதில்லை. எங்கள் அபார்ட்மென்ட் நண்பரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். ஆபீஸ், ஸ்கூல், திரும்பி வருவது எல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு நாளைக்கு 32 கி.மீ. மாதம் 26 நாள் என்றால் 832 கி.மீ, அதற்கு சுமார் 104 யூனிட். இரண்டு மாத கரன்ட் பில்லில் 208 யூனிட் கூடும், ஏற்கெனவே ஏ.சி ஓடும் வீடு என்றால் அடுத்த ஸ்லாப்புக்கு எகிறும். வருடத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குப் போக பஸ்ஸோ ரயிலோ போதும் என்கிறார். ஆக, அவருக்கு 400 கி.மீ தேவையே இல்லை. 150 கி.மீ நிஜமாக ஓடும் கார், அதாவது இன்றைக்கே கடையில் இருக்கும் கார், போதும். பழைய டியாகோ இவி ஏதாவது கிடைத்தால், பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டையும் மீதி வாரன்டியையும் பார்த்து எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்.

இப்போது அவரை நிறுத்தி வைத்திருப்பது நானோ அல்ல. பார்க்கிங்கில் அவருடைய மீட்டரிலிருந்து தனியாக ஒரு 15 ஆம்ப் பிளக் பாயின்ட் இழுக்க அசோசியேஷனிடம் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.