வீடும் பள்ளியும்: கடலூர்க் கிறிஸ்தவக் கல்விப் பணி நமக்குக் கற்பிப்பது

கடலூருக்கு மேற்கே கெடில ஆற்றங்கரையில் அமைந்திருப்பது திருவந்திபுரம். அங்குள்ள தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி என்னும் சிறு குன்றின்மேல் ஹயக்ரீவர் சந்நிதி உண்டு. வைணவர் அவரைக் கல்விக்குரிய தெய்வமாகப் போற்றுவதால், படிப்புத் தொடங்கும் நாட்களிலும் தேர்வுக் காலத்திலும் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படியேறுவதை நாம் கண்டிருக்கிறோம். சமயம் வேறாயினும், பிள்ளை கற்றோனாக வேண்டும் என்னும் பெற்றோரின் ஏக்கம் எல்லா வீட்டிலும் ஒன்றே.

அந்த ஏக்கம் இக்காலத்தில் நம் சபைக் குடும்பங்களில் ஒரு புதிய வினாவாக எழுந்துள்ளது. இணையவழி இயங்கும் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்து, வீட்டிலிருந்தபடியே படிக்கவைக்கலாமா என்று பெற்றோர் ஆயரிடம் கேட்கின்றனர். ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ விரைந்து விடையளிக்குமுன், வீட்டிற்கும் பள்ளிக்கும் உள்ள உறவைப்பற்றி நம் சொந்த வரலாறு என்ன கூறுகிறது என்று ஆராய்வது தகும்.

1. திண்ணையும் விடுதியும்

சீர்திருத்தத் திருச்சபை தொடக்கமுதலே இக்காரியத்தில் இரு கால்களில் நின்றது. மார்ட்டின் லுத்தர் 1524-இல் ஜெர்மானிய நகரசபையாருக்கு எழுதி, பொதுப் பள்ளிகளை நிறுவும்படி வேண்டினார். அவரே 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டு, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு அதைக் கற்பிக்க வேண்டும் என்றார். உபாகமம் ஆறாம் அதிகாரம் பெற்றோர்மேல் சுமத்திய கடமையை அவர் பள்ளியின்மேல் ஏற்றிவிடவில்லை. பள்ளியின் கடமையைப் பெற்றோர்மேல் ஏற்றிவிடவுமில்லை.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு ஐயர், நம் நாட்டுப் பள்ளியை முதலில் மாணவனாகவே அறிந்தார். முதிய தமிழாசிரியர் ஒருவர் தம் பள்ளிப் பிள்ளைகளை மிஷனெரிமார் இருந்த வீட்டிற்கே அழைத்து வர, அப்பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். தமிழகத்தின் திண்ணைப் பள்ளி வீட்டின் ஓர் உறுப்பாகவே இருந்தது. ஆசிரியரின் திண்ணையே வகுப்பறை.

ஆனால் 1707 முதல் மிஷனெரிமார் நடத்திய அறப்பள்ளிகள் வேறு வடிவம் கொண்டன. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் மிஷன் செலவில் அளிக்கப்பட்டன. பெண்பிள்ளைகளுக்கும் கல்வி கிடைத்தது. வறிய வீட்டில் பிறந்த பிள்ளை எழுத்தறிய வேறு வழியில்லாத காலத்தில் இது பேருதவி. எனினும் விடுதிக்குள் வந்த பிள்ளை வீட்டைவிட்டு அகன்றது. பெற்றோர் கல்வியில் பங்காளிகளாயிராமல் பார்வையாளராயினர் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

கடலூர் இவ்வரலாற்றில் முற்பட்டது. ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் மராட்டியரிடமிருந்து பெற்ற தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையின் நிழலில், 1717-இல் தரங்கம்பாடி மிஷனெரிமாரின் முயற்சியால் அறப்பள்ளி தொடங்கிற்று. 1740-இல் சுவீடன் நாட்டவரான கீர்நாண்டர் ஐயர் இங்கு வந்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தபோது அவர் கடலூரைவிட்டு நீங்கிக் கல்கத்தா சென்று, அவ்வாண்டிலேயே அங்கொரு பள்ளியைத் திறந்தார். 1767 முதல் இங்கு உழைத்த கெரிக்கே ஐயரும் 1782-இல் மீண்டும் வந்த பிரெஞ்சு ஆக்கிரமிப்பைக் கண்டார். கட்டடம் வீழ்ந்தாலும் ஆசிரியர் சென்ற இடத்தில் பள்ளி பிறந்தது. பள்ளி என்பது கட்டடம் அன்று என்னும் பாடத்தை நம் முன்னோர் கணினி வருவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே கற்றனர்.

2. ஒரே பெஞ்சு

பள்ளி கட்டடம் அன்று எனில், அது பாடம் மட்டுந்தானா? சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் ஐயர், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஒழுங்கையும் அமைத்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இம்முறை ‘சென்னை முறை’ என்று பெயர்பெற்று மேனாட்டிலும் பரவிற்று. பிள்ளை ஆசிரியரிடம் மட்டுமன்றி அடுத்திருக்கும் பிள்ளையிடமும் கற்கிறது என்பதே அதன் அடிப்படை.

ஆயின் அடுத்திருக்கும் பிள்ளை யார்? நம் நாட்டில் இக்கேள்விதான் மிகக் கடினமானது. ஆதி மிஷன் சபைகளில் சாதிவாரியாக அமரும் வழக்கம் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்பது நாம் வெட்கத்தோடு ஏற்கவேண்டிய செய்தி. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் தம் செமினரி மாணவர் யாவரும் சாதி பாராமல் ஒன்றாக உண்ணவேண்டும் என்று வற்புறுத்தினார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபையைவிட்டு முற்றிலும் நீங்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் அதற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஓக்ஸ் ஐயர், சாதியைப் பொறுத்துக்கொள்ளும் கொள்கைக்கு உடன்பட மாட்டாமல் அம்மிஷனைவிட்டு விலகினார். 1860-களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணியே பின்பு தேனிய மிஷன் சங்கத்தோடு இணைந்து, இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்தாயிற்று.

இங்கே ஒன்றை உற்றுநோக்குவோமாக. வீடு பரிசுத்தமான இடம், உலகமே பிள்ளையைக் கெடுக்கிறது என்று நாம் எளிதாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் சாதியைப் பிள்ளை எங்கே கற்றது? வீட்டில். யாரோடு உண்ணலாகாது, யாரைத் தொடலாகாது என்பதைத் தாயும் தந்தையும் கற்பித்தனர். அதை மறக்கக் கற்பித்தது ஒரே பெஞ்சும் ஒரே பந்தியும் ஆகும். 1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப்பின் அரசு மானியம் பெற்று வளர்ந்த கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் இசுலாமியப் பிள்ளைகளும் திரளாக வந்தமர்ந்தனர். அந்தப் பெஞ்சு நம் திருச்சபை இந்நாட்டிற்கு அளித்த கொடைகளுள் ஒன்று எனலாம்.

3. தொலைவிலிருந்து கற்றல்

தொலைவிலிருந்து கற்பிக்கும் முறையும் நமக்கு அயலானதன்று. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைநிலைக் கல்வியை நடத்தி, வேலையிலிருந்த எண்ணற்றோருக்குப் பட்டம் பெற வழி திறந்தது. அதே 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் திறந்தநிலைப் பள்ளி தொடங்கிற்று. அது 1989-இல் தன்னாட்சி பெற்று, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் எனப்படுகிறது.

இறையியல் கல்வியில் நாம் இதைவிட முற்பட்டோம். 1963-இல் குவாத்தமாலா நாட்டில் பிறந்த விரிவாக்க இறையியல் கல்வி முறை, 1971-இல் பெங்களூரை மையமாகக் கொண்ட சங்கத்தின் வாயிலாக இந்தியாவில் வேரூன்றிற்று. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மாணவர் வீட்டில் தாமே பாடநூலைப் படித்தார். ஆனால் குறித்த நாளில் மற்ற மாணவரோடு கூடி, வழிநடத்துநர் முன்னிலையில் கற்றதைக் கலந்துரையாடினார். வளர்ந்தோருக்கே அக்கூடுகை இன்றியமையாதது என்று அதன் அமைப்பாளர் கண்டனர். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு இன்றியமையாதது!

4. இணையவழிப் பள்ளி இயங்கும் விதம்

இணையவழிக் கிறிஸ்தவப் பள்ளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் வீட்டுக்கல்வி இயக்கத்திலிருந்து வளர்ந்தவை. அங்கு அரசுப் பள்ளியில் சமய போதனைக்கு இடமில்லாமையால், பல பெற்றோர் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினர். அஞ்சலில் வந்த பாடநூல்களும் ஒளிநாடாக்களும் பின்பு இணையப் பாடங்களாயின. சிலவற்றில் ஆசிரியர் குறித்த நேரத்தில் நேரடியாகத் திரையில் தோன்றுவார். வேறு சிலவற்றில் பதிவுசெய்த பாடத்தைப் பிள்ளை தனக்கேற்ற வேளையில் கேட்கும். எம்முறையாயினும் பிள்ளையை எழுப்பி உட்காரவைப்பதும், வேலையைச் சரிபார்ப்பதும், ஐயம் எழும்போது அருகிருப்பதும் பெற்றோரின் பொறுப்பாகும். ஆகவே வீட்டில் ஒருவர் பகலெல்லாம் இருக்கவேண்டும் என்பது இதன் சொல்லப்படாத நிபந்தனை.

நம் நாட்டில் சான்றிதழ் என்னும் கேள்வியும் உண்டு. வெளிநாட்டுப் பள்ளியின் சான்றிதழ் இங்கு மேற்படிப்பிற்கு ஏற்கப்படுமா என்று முன்னதாகவே அறிந்துகொள்ளவேண்டும். ஆதலின் வீட்டில் கற்கும் பிள்ளைகள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வை எழுதுகின்றனர். 14 வயது நிறைந்தோர் அதன் இடைநிலைப் படிப்பில் சேரலாம். குறைந்தது 5 பாடங்களில் தேறவேண்டும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறும். 5 ஆண்டுகளுக்குள் சிறிது சிறிதாக முடிக்கலாம். நோயுற்ற பிள்ளைக்கும், உடற்குறையுள்ள பிள்ளைக்கும், அடிக்கடி இடம்மாறும் ஊழியரின் பிள்ளைக்கும் இது மெய்யான உதவி.

5. 2020 கற்பித்த பாடம்

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, எல்லாக் குடும்பங்களும் விரும்பாமலே இப்பரீட்சைக்குள் தள்ளப்பட்டன. அந்நாட்களில் நாம் சந்தித்த ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலை முடித்துத் திரும்பிய பின்னரே கிடைத்தது. பத்தாம் வகுப்புப் படித்த மூத்த மகள் தம்பியர் இருவருக்கும் அதை விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். அவளுக்காக ஜெபித்துவிட்டு வந்தோம். கூரையும் மின்விளக்கும் உள்ள சபை மண்டபம் ஒன்று நம்மிடம் இருந்தது என்பது, தடைகள் தளர்ந்த பின்னரும் நம் நினைவிற்கு வரவில்லை.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்திற்கு அருகே தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கிற்று. தன்னார்வலர் மாலை வேளைகளில் தெருவிலும் பொது இடத்திலும் சிறு குழுக்களாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். திரை எட்டாத இடத்தை ஒரு மனிதர் எட்டினார். ஒருகாலத்தில் நம் உபதேசியாரும் வேதாகம ஸ்திரீகளும் செய்த அவ்வேலையை மற்றவர் செய்யக் கண்டபோது, மகிழ்ச்சியும் குற்றவுணர்வும் ஒருங்கே நமக்கு உண்டாயின.

6. முடிவுரை

விடுதிப் பள்ளி பாடத்தையும் தோழமையையும் தந்து, வீட்டை இழந்தது. இணையவழிப் பள்ளி பாடத்தையும் வீட்டையும் தந்து, தோழமையை இழக்கிறது. ஆகவே தேவையினிமித்தம் அதை நாடும் குடும்பத்தை ஆயர் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. ஆனால் மூன்று காரியங்களைக் கேட்டறிதல் அவர் கடமை. சான்றிதழ் செல்லத்தக்கதா? அருகிருந்து கற்பிக்கப் பெற்றோருக்குப் பொழுது உண்டா? அப்பிள்ளை வாரந்தோறும் எந்தப் பிள்ளைகளோடு அமரப்போகிறது? மூன்றாவது கேள்விக்கு விடையில்லையெனில், சபை மண்டபத்தின் கதவைத் திறந்து நாமே விடையாக வேண்டும்.

அயலானின் பிள்ளையோடு நம் பிள்ளை அமரக்கூடாது என்னும் நோக்கத்தோடு ஒருவர் இணையவழிப் பள்ளியைத் தேடுவாராயின், அதற்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டுவது தகாது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மிஷன் எதற்காகப் பிறந்தது என்பதை அவருக்கு அன்போடு எடுத்துரைப்போமாக. திருவந்திபுரத்துக் குன்றின் படிகளில் ஏறும் பிள்ளையும், நம் ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளையும், திங்களன்று ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச அமர்வதற்காகவே நம் முன்னோர் உழைத்தனர். அந்த இடத்தைக் காப்பது நம்மேல் விழுந்த கடமையாகும்.