கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள்

ஓசூர் ஆலைகள், பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரிகள், கிருஷ்ணகிரி மாந்தோப்புகள், பாரூர் ஏரி என்று தொழில்கள் நெருங்கிக் கிடக்கும் வட்டாரம் இது. ஒரே ஆங்கிலச் சொல் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறு பொருள் தரும். போதாததற்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த சொற்களும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

பல்ப் நல்ல எடுத்துக்காட்டு. மே மாதம் பிறந்தால் கிருஷ்ணகிரியில் பல்ப் என்பது மாம்பழக்கூழ். பெங்களூரா என்று இங்கே சொல்லப்படும் தோத்தாபுரிப் பழமும் அல்போன்சாவும் டிராக்டரில் வந்து இறங்கும். தோலும் கொட்டையும் நீங்கிய கூழ் டின்னிலும் டிரம்மிலும் அடைபட்டு வெளிநாடு போகும். கூழின் இனிப்பை அளப்பது பிரிக்ஸ். தோத்தாபுரிக் கூழுக்குக் குறைந்தது 14, அல்போன்சாவுக்கு 16 பிரிக்ஸ் இருக்க வேண்டும். வீடு கட்டுகிறவரிடம் பிரிக்ஸ் என்றால் செங்கல் விலை சொல்வார். வீட்டுக் கூரையில் தொங்கும் விளக்கும் பல்புதான். ஏமாந்து போனவன் வாங்கியதும் பல்புதான். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. பல்ப் 'ஓடுது' என்றால் ஆலை, 'எரியுது' என்றால் விளக்கு, 'வாங்கிட்டான்' என்றால் அசடு வழிந்தான்.

பொருளை இப்படி வினையே பிரித்துக் காட்டுவது தமிழுக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாக வகுக்கிறது: வினையால் பொருள் வேறுபடுவது, வினையாலும் வேறுபடாதது. உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட சொல்லும் 'மா'தான். பூத்தால் மரம், ஓடினால் விலங்கு. விழுந்தால் எதுவென்று தெரியாது. சூடாமணி நிகண்டு ஒரு சொல் பல்பொருளுக்கென்றே பதினோராம் தொகுதியை ஒதுக்கியது. இன்றைக்கு ஒரு நிகண்டு எழுதினால் 'பிளாக்' அதில் கால் பக்கம் பிடிக்கும். குவாரியில் அறுத்து எடுக்கும் பெருங்கல் பிளாக். அந்தக் கல் கறுப்பாக இருந்தால் நிறமும் பிளாக். மாவட்டத்தின் பத்து ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பேச்சில் பிளாக் என்றே பெயர். எஞ்சினின் இரும்புக் கூடும், இதயக் குழாயின் அடைப்பும், தியேட்டர் வாசலில் கூடுதல் விலைக்கு விற்ற டிக்கெட்டும் அதே பிளாக்.

டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்தது. ஆலைகள் பெருகிய அந்த ஊரில் லைனுக்கும் இரண்டு பொருள். ஆலைக்குள் லைன் என்பது வண்டி கோக்கும் வரிசை. ஷிப்ட் முடிந்து தொழிலாளி திரும்பும் வாடகைக் குடியிருப்பு லைன் வீடு.

பாரூரில் கிஃப்ட் என்பது மீன். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பாரூர் மையத்தில் வளர்க்கப்படும் கிஃப்ட் திலேப்பியா, 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இன மேம்பாட்டுத் திட்டத்தின் வழிவந்தது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே கிஃப்ட் ஆயின. திலேப்பியாவுக்கு ஊர்ப் பெயர் ஜிலேபி. ஆக, பரிசும் இனிப்பும் இங்கே குழம்பில் கொதிக்கின்றன.

வினையும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: ஷட்டர். 'ஷட்டரைத் தூக்கிட்டாங்க' என்றால் கடைவீதியில் வியாபாரம் தொடங்கியது. தென்பெண்ணைக் கரையில் அதற்கு, அணை மதகு திறந்துவிட்டது, ஆற்றில் இறங்காதே என்று பொருள். 2017 நவம்பரில் அந்த ஆற்றின் கே.ஆர்.பி. அணையில் மதகு ஒன்று உடைந்தது. 'ஷட்டர் உடைஞ்சிடுச்சு' என்பதைக் கடைக்காரர் கேட்டால் திருட்டு என்றுதான் நினைப்பார். இப்படி வினையும் காட்டிக்கொடுக்காத சொல்லை வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. அதைப் படிக்காமலே ஆற்றோர ஊர்க்காரர்கள் 'டேம் ஷட்டர்' என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.