லவ் என்றால் பூஜ்யம்

கஞ்சனைத் தமிழில் உலோபி என்கிறோம். வடமொழி ‘லோப’த்திலிருந்து வந்த சொல் அது. பேராசை, கைவிட மனமில்லாத ஆசை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘லவ்’ இதே பழைய வேரிலிருந்து கிளைத்தது என்கிறார்கள் மொழி வரலாற்றாளர்கள். ஒரே வேர், கிழக்கே போய்க் கஞ்சனானது, மேற்கே போய்க் காதலானது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருத்தியாவது, “ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்” என்பாள்.

இன்று அந்தச் சொல் எல்லா இடத்திலும் ஓடுகிறது. கடவுளும் லவ், காபியும் லவ். வட இங்கிலாந்தில் கடைக்காரர் முன்பின் தெரியாதவரையும் ‘லவ்’ என்று அழைத்துத்தான் சில்லறை கொடுப்பார். ஆனால் அகராதியின் ஓரத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. சூதாட்டத்தில் பந்தயப் பணம் வைக்காமல் சும்மா ஆடுவதை ‘லவ்வுக்காக ஆடுவது’ என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே சொன்னார்கள். அடுத்த நூற்றாண்டில் சீட்டாட்டத்தில் பூஜ்யத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு டென்னிஸ் அதை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களின் ‘முட்டை’ என்ற சொல் மருவி லவ் ஆனது என்ற கதையை நானும் பல வருடம் சொல்லிவந்தேன். அழகான கதைதான், ஆனால் ஆதாரம் கிடையாது. பணமில்லாமல் செய்வது எதுவோ அது லவ், அதன் மதிப்பு பூஜ்யம் என்ற விளக்கம்தான் பொருந்துகிறது.

விளையாட்டில் இது வேடிக்கை. வீட்டுக்குள் யார் பணமில்லாமல் செய்கிறார்கள் என்று கேட்டால் வேடிக்கை போய்விடும். இந்தச் சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்த இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழக்கின் கணவர் பால்ஃபர், இலங்கையில் பிரிட்டிஷ் அரசின் நீர்ப்பாசன இயக்குநர். 1900இல் திருமணம். 1915இல் விடுப்பில் தம்பதியர் இங்கிலாந்து போனார்கள். அங்கே மனைவிக்கு மூட்டுவாதம். ஊரிலேயே இருந்து சிகிச்சை பெறச் சொன்னார் மருத்துவர். 1916 ஆகஸ்டில் கப்பலேறும் முன், நீ திரும்பி வரும்வரை மாதம் முப்பது பவுண்டு தருகிறேன் என்று கணவர் வாக்குக் கொடுத்தார். பிறகு, நாம் பிரிந்தே இருப்பது நல்லது என்று கடிதம் எழுதினார். 1918இல் மனைவி வழக்குத் தொடுத்தார். ஜீவனாம்ச உத்தரவு தனியாக வாங்கியிருந்தார். இந்த வழக்கு, கொடுத்த வாக்குக்கு மதிப்பு உண்டா என்பதைப் பற்றியது.

முதலில் விசாரித்த நீதிபதி, உண்டு என்றார். 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இல்லை என்றது. மூன்று நீதிபதிகளில் ஒருவரான அட்கின் சொன்ன காரணம்தான் சட்ட மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்வது. கணவன் மனைவிக்குள் நடக்கும் ஏற்பாடுகள் ஒப்பந்தம் ஆகமாட்டா. அவற்றையெல்லாம் விசாரிக்கப் புகுந்தால் நீதிமன்றங்களை நூறு மடங்கு பெருக்கவேண்டிவரும். அவர்களுக்குள் பிரதிபலனாக இருப்பது இயல்பான அன்பும் பாசமும். இந்தக் குளிர்ந்த நீதிமன்றங்களில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ இப்படிப் போகிறது தீர்ப்பு. அதாவது, அன்பு இருப்பதால் உனக்கு வழக்கு இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தது. மனைவி தனி ஆள் அல்ல என்று 1919இல் சொல்ல முடியாது. சட்டம் திறந்துவிட்ட கதவை ‘லவ்’ வந்து சாத்தியது.

இதே அட்கின் 1932இல் இன்னொரு பெரிய தீர்ப்பு எழுதினார். ஸ்காட்லாந்தில் ஒரு பெண் குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் அழுகிய நத்தை இருந்தது என்ற வழக்கு. அயலாரை நேசி என்ற பைபிள் கட்டளை சட்டத்துக்குள் வரும்போது, அயலாருக்குத் தீங்கு செய்யாதே என்று ஆகிறது என்றார். முகம் தெரியாத தயாரிப்பாளருக்கும் குடித்தவளுக்கும் இடையே அன்பிலிருந்து ஒரு கடமையைப் பிழிந்தெடுக்க முடிந்தது. பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

இரண்டாவது வழக்கு கல்கத்தாவில் நடந்தது, 1900இல். அதற்கு முன்னால் ஒரு சட்ட விவரம். பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்பது பொதுவிதி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 25ஆம் பிரிவில் ஒரு விலக்கு வைத்தது. நெருங்கிய உறவினர்களுக்குள், இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும், எழுத்தில் எழுதிப் பதிவுசெய்த வாக்கு செல்லும். இங்கிலாந்தில் இல்லாத வசதி இது. ராஜ்லகி தேவியின் கணவர் பூத்நாத் முகர்ஜி, தனியே வசிக்கும் மனைவிக்கு மாதம் ஒரு தொகை தருவதாக எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். கொடுக்கவில்லை. அவள் கேட்டுப் போனாள். பத்திரத்திலேயே இருவருக்கும் இடையிலான சண்டை சச்சரவுகள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன, ஆகவே இங்கே அன்பு இல்லை, பத்திரம் செல்லாது என்றது நீதிமன்றம்.

லண்டனில் அன்பு இருந்ததால் தோற்றாள். கல்கத்தாவில் அன்பு இல்லாததால் தோற்றாள்.

சண்டை வந்தால் அன்பு போய்விடும் என்பதுதான் சட்டமா என்றால், அதுவும் இல்லை. ஒரு வருடம் முன்பு, 1899இல், பம்பாயில் பீவா, சிவராம் என்ற சகோதரர்கள் வழக்கு. சொத்தில் பங்கு கேட்டு ஒருவர் மற்றவர் மீது வழக்குப் போட்டுத் தோற்றவர். வென்றவர் பிறகு சமாதானமாகப் பாதியைத் தருவதாகப் பதிவுப் பத்திரம் எழுதிக்கொடுத்து, பின்னர் மறுத்தார். பகையைத் தீர்க்க எண்ணி எழுதியதால் அதில் இயல்பான அன்பு உண்டு, பத்திரம் செல்லும் என்றது நீதிமன்றம். கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பிக்குள் அன்பு மிச்சமிருக்கிறது. தனியே வாழப்போன மனைவிக்கு எழுதியதில் இல்லை. வெவ்வேறு நீதிமன்றங்கள், வெவ்வேறு நீதிபதிகள் என்று சட்டம் படித்தவர்கள் சமாதானம் சொல்வார்கள். சொல்லட்டும்.

1972இல் இத்தாலியில் தொடங்கிய, வீட்டுவேலைக்குக் கூலி கேட்கும் இயக்கம் இந்தச் சொல்லைத்தான் முதலில் பிடித்து உலுக்கியது. மரியாரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி ஆகியோர் கேட்டது வெறும் சம்பளம் அல்ல. சமைப்பதும் துவைப்பதும் பெண்ணின் இயல்பிலிருந்து பொங்கி வருகிறது என்ற நம்பிக்கை உடையவேண்டும் என்றார்கள். கூலி கேட்டால்தான் அது வேலை என்பது வெளியே தெரியும்.

நம் பக்கத்தில் 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவர் சவுதி அரேபியாவில் வேலை, மனைவி ஊரில் குடும்பத்தைக் கவனித்தார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் யாருக்கு உரிமை என்பது வழக்கு. வீட்டைக் கவனித்துக் குழந்தைகளை வளர்த்ததும் அந்தச் சொத்துக்கான பங்களிப்பே, மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. கடல் தாண்டி வேலை பார்க்கும் கணவர், ஊரில் தங்கிய மனைவி. பால்ஃபர் வழக்கின் அதே காட்சி, நூற்று நான்கு வருடம் கழித்து.

ஆனால் 25ஆம் பிரிவின் சொற்கள் நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் இன்னும் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989இல் சட்டமானது. அப்போதே மணமாகியிருந்தவர்களுக்கு இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டது 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம். அதற்குப் பிறகு அக்கா தங்கைகளை ஆட்டோவில் அழைத்து வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது ஊர்தோறும் நடக்கிறது. சகோதரன் மேலுள்ள ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று பத்திர எழுத்தர் கேட்காமலேயே அடித்துவைத்திருப்பார்.

என் பெரியம்மா அப்படிக் கையெழுத்துப் போட்டபோது நான் கூட இருந்தேன். எழுத்தர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். பெரியம்மா நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார். “பாசம்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கீங்க?” எழுத்தர் சிரித்து, அதற்கெல்லாம் தொகை போடுவதில்லை அம்மா, அன்புதான் பிரதிபலன் என்றார். மாமா வாசலைப் பார்த்தார். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கே போடவேண்டும் என்று கேட்டார்.