அச்சும் கையும்: மதுரைச் சுதை வேலையின் எழுதப்படாத பக்கம்

வைகையின் தென்கரையில், ஒரு காலத்தில் நகருக்கு வெளியே வயலும் தோப்புமாய் இருந்து, இன்று நகருக்குள்ளேயே அடங்கிவிட்டது கோச்சடை. மேலக்கால் சாலை வழியே வருவோர் ஐயனாரையும் முத்தையா சுவாமியையும் வணங்காமல் இவ்வூரைக் கடப்பது அரிது. ஐயனாரின் குதிரையைக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்கின்றனர். பெரியவர்கள் கும்பிட்டுச் செல்கின்றனர். அதனைச் செய்த கை எது என்று கேட்பவர் இல்லை. பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நண்பர்கள் பணித்தபோது, மன்னர் வரலாறு எழுதப் பலர் உளர், சுண்ணாம்பு குழைத்தவர்களைப் பற்றிச் சிறிது எழுதலாமே என்று தோன்றிற்று.

அவ்வாறு எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. 'அச்சு வந்தது, சுதைக் கலை போயிற்று' என்ற பேச்சை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இக்கூற்று பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு நாம் இழைக்கும் அநீதி.

சுதை என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு உருச் சமைக்கும் தொழில். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துத் தொழிலாளர்களிடையே 'மண்ணீட்டாளர்' என்ற ஒரு பிரிவினரைக் குறிப்பிடுகிறது. மண்ணால் பாவை சமைப்போர் என்று அதற்குப் பொருள் கொள்வர். மணிமேகலையில் வெண்சுதை தீட்டிய மாடச் சுவர்களின் ஓவியங்கள் வருகின்றன. இத்தொழிலின் முறை நெடுங்காலம் பெரிதும் மாறவில்லை. சுட்ட சுண்ணாம்பை நீரில் இட்டு நாட்கணக்கில் ஊறவைப்பர். மணலுடன் சேர்த்துக் காளை பூட்டிய காரைச் செக்கில் அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்ப்பர். செங்கல்லால் உள்ளுடல் கட்டி, முதலில் பருங்காரை, அதன் மேல் மென்காரை எனப் பூசி, கரண்டியாலும் சிறு குச்சியாலும் கண், மூக்கு, அணிகலன்களை எழுப்புவர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. அது மெல்ல இறுகுவதே கைக்கு வாய்த்த அவகாசம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் 1559-இல் எழுந்தது; அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் நிற்கின்றன. ஆயினும் ஒன்றின் முகம் போல் மற்றொன்று இல்லை.

அப்படியானால் அச்சு என்பதே நம் மரபுக்கு அயலானதா? அன்று. உலோகம் வார்ப்போர் அச்சைக் 'கரு' என்றே வழங்குவர். எவ்வளவு பொருத்தமான சொல்! சாதவாகனர் காலத்தில், தக்காணத்துத் தேர், கொண்டாபூர் போன்ற ஊர்களில், முன்பாதிக்கு ஓர் அச்சும் பின்பாதிக்கு ஓர் அச்சும் வைத்து இரட்டை அச்சுப் பாவைகள் செய்தனர். அதாவது, கையும் அச்சும் ஈராயிரம் ஆண்டுகளாக அருகருகே வாழ்ந்தவை. ஒன்றே போதுமெனில் கை; ஒன்றைப் போல் நூறு வேண்டுமெனில் அச்சு. கோச்சடைக் குதிரைக்கு அச்சுச் செய்ய எவரும் நினைத்ததில்லை. நினைத்தால் அந்த அச்சு குதிரையைவிடச் செலவு மிகுந்ததாகும். கொலுப் பாவையை ஒவ்வொன்றாய்க் கையால் பிடித்தால் ஏழை வீட்டுக் கொலுப்படிக்கு அது எட்டாது.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைத் திருமலை நாயக்கர் மகாலில் காணலாம். 1636-இல் கட்டப்பட்ட அம்மாளிகையின் வளைவுகளிலும் விதானங்களிலும் கொடியும் இலையும் யாளியும் திரும்பத் திரும்ப வருகின்றன. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணப் பூச்சின் பளபளப்பைப் பற்றி வழிகாட்டிகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். எழுதகம் போன்ற நீண்ட வரி வேலைகளைக் கொத்தனார்கள் கையால் வடிப்பதில்லை. வேண்டிய வளைவைப் பலகையிலோ தகட்டிலோ வெட்டி, ஈரக் காரையின் மேல் ஒரே நேர்கோட்டில் இழுத்துச் செல்வர். பலகையின் வெட்டு சுவரில் பதிந்துகொண்டே வரும். அதுவும் ஒருவகை அச்சுத்தான், ஓடுகின்ற அச்சு! அம்மாளிகையை இத்தாலியர் ஒருவர் வடிவமைத்தார் என்ற கதையைச் சொல்ல நமக்கு ஆர்வம் மிகுதி. பலகை இழுத்தவனுக்கு அப்படி ஒரு கதைகூட இல்லை.

மாளிகையின் பெரும்பகுதியைப் பேரர் சொக்கநாத நாயக்கரே பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசென்றார் என்பர். எஞ்சியதையேனும் காக்க வேண்டுமென்ற எண்ணம், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவுக்குத் தோன்றியது நம் நற்பேறு. பழுதுபார்க்கும் பணியில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் பின்னாளில் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவரானார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அக்காலக் கலைப்பள்ளிகளில் மாணவர்கள் வரையப் பழகியது பாரிஸ் சாந்தில் வார்த்த கிரேக்க, உரோமானிய உருவங்களைப் பார்த்துத்தான். 1869-இல் ஹென்றி ஹார்டி கோல் என்ற படை அதிகாரி சாஞ்சித் தூபியின் கிழக்குத் தோரணவாயிலை முழுவதுமாக அச்செடுத்து இலண்டனில் வார்த்து நிறுத்தச் செய்தார். அதற்குப் பயன்பட்டவை பாரிஸ் சாந்தும், வளைந்து கொடுக்கும் ஜெலட்டினும். முப்பதடிக்கு மேல் உயர்ந்த கல் வாயில், கல் அசையாமலே கடல் கடந்தது.

பாரிஸ் சாந்து என்று நான் எழுதுவது, கடைகளில் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என விற்கும் வெள்ளைப் பொடியை. பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் வெட்டிய ஜிப்சத்தால் வந்த பெயர் அது. நம் பெரம்பலூர்ப் பக்கத்திலும் ஜிப்சம் உண்டு. பெருமளவில் வருவது இராஜஸ்தானத்திலிருந்து. ஏறத்தாழ 150 பாகைச் சூட்டில் அதிலுள்ள நீரின் முக்கால் பங்கு நீங்கிவிடும். அப்பொடியில் மீண்டும் நீர் சேர்த்தால் அரைமணிக்குள் கல்லாகும். சுண்ணாம்பு மாதக்கணக்கில் செய்வதை இது நிமிடக்கணக்கில் செய்கிறது. இறுகும்போது மிகச் சிறிதளவு விரிந்து, அச்சின் நுண்ணிய கீறலிலும் புகுந்துவிடுகிறது. கை வேலைக்கு அவகாசம் தராத அதே வேகம் அச்சு வேலைக்கு வரமாயிற்று. ஆனால் மழைக்கு இது ஆகாது. நீரில் சிறிது சிறிதாய்க் கரையும். எனவே கோபுரத்தில் ஏறவில்லை. வீட்டுக் கூரையின் உட்புறத்திலும் திருமண மண்டப மேடையிலும் திரைப்பட அரங்கிலும் தங்கிவிட்டது. கோபுரச் சுதையில் சுண்ணாம்பின் இடத்தைப் பறித்தது சிமெண்ட். பழியை மட்டும் அச்சு சுமக்கிறது.

இனி அச்சு செய்வோரின் திறமைக்கு வருவோம். இதைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. அச்சு செய்பவன் முதலில் மண்ணால் மூல உருவைச் செய்கிறான். செய்யும்போதே அவன் மனம் உருவைத் தலைகீழாகவும் காண வேண்டும்: மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், வலம் இடமாகும். இலையின் விளிம்பு உட்புறமாக மடிந்திருந்தால் வார்ப்பு அச்சை விட்டு வெளிவராது. ஒன்று உடையும், அல்லது மற்றொன்று. ஆகையால் ஒவ்வொரு பக்கமும் வெளிநோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். மடிப்பு இன்றியமையாததெனில் அச்சைப் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளை ஒன்றாய்ப் பிடிக்க வெளிக்கூடு ஒன்று செய்ய வேண்டும். துண்டுகள் சேரும் வரி முகத்தின் நடுவே ஓடக் கூடாது. காதின் பின்னோ ஆடையின் மடிப்பிலோ ஒளிய வேண்டும். அவ்வரியை எங்கே ஒளிப்பது என்று முடிவு செய்வதில்தான் தேர்ந்தவனும் கற்றுக்குட்டியும் பிரிகின்றனர். சோப்புக் கரைசலோ எண்ணெயோ தடவி, தேங்காய் நாரை உள்ளிட்டு வார்ப்பது அதன் பின் வரும் எளிய வேலை. வடிவமைப்பு முழுவதும் அச்சிலேயே முடிந்துவிடுகிறது. இதனைக் கலையன்று என்பவர் ஒரே ஓர் அச்சு செய்து பார்க்கட்டும்.

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் இக்கலை இன்றும் உயிரோடிருக்கிறது. வேளார் குடும்பத்தினர் கொலு பொம்மைகளையும் விநாயகர் உருவங்களையும், கிறித்துமசுக்குக் குடில் பொம்மைகளையும் ஒரே முற்றத்தில் காயவைக்கின்றனர். இங்கே பாரிஸ் சாந்து வேறொரு வேலை செய்கிறது. அதனால் அச்சு செய்து, அதற்குள் களிமண்ணை அழுத்தினால், அச்சு மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். மண் சுருங்கித் தானே அச்சை விட்டு விலகும். ஈரம் நிறைந்த அச்சை வெயிலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்துவர். 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளில் கரைக்கும் உருவங்களைப் பாரிஸ் சாந்தில் செய்யலாகாது என்று விதித்தது. 2023 செப்டம்பரில் இது குறித்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலும் வழக்காடப்பட்டது. விதி நியாயமானதே. ஆயினும் தடை செய்யப்பட்டது உருவமே தவிர அச்சு அன்று என்ற வேறுபாட்டைப் பொதுமக்கள் பலர் உணரவில்லை. ஆற்றில் கரையும் மண் பிள்ளையாருக்கும் தாய் பாரிஸ் சாந்து அச்சாக இருக்கலாம்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் ரப்பர் வந்தபின், மடிப்பு, சரிவு, வரி எதைப் பற்றியும் கவலையின்றி எந்த உருவிலிருந்தும் அச்செடுக்கலாம். எங்கோ ஒருவர் செய்த பூச்சரத்தைக் கடையில் வாங்கி, அதன் மேல் ரப்பரை ஊற்றி, நாளையே நூறு வார்க்கலாம். அவ்வாறு வார்த்ததிலிருந்து மற்றொருவர் அச்செடுப்பார். வார்ப்பின் வார்ப்பில் இலை நரம்பு மங்கும். அதன் வார்ப்பில் இலையே மழுங்கும். அண்மைக் காலத்து வீடுகளின் உட்கூரையைக் கவனித்தால் மூக்குத் தேய்ந்த மயில்களையும் இதழ் ஒட்டிய தாமரைகளையும் காணலாம். போனது கையும் அன்று, அச்சும் அன்று. இரண்டுக்கும் முன்னே நின்ற மூல உருவைச் செய்பவன்.

வட்டத்தின் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய அச்சுகள் முனை தேய்ந்ததும் உடைக்கப்பட்டு, தரை நிரப்பும் மண்ணோடு போகின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்க எவரும் இல்லை; செய்தவரே பெரிதாக மதிப்பதில்லை. நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாச்சேரிக்குச் சென்று, அச்சையும் அதை வடித்தவரின் பெயரையும் வடித்த ஆண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கலாம். காந்தி அருங்காட்சியக வளாகத்திலேயே உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு நாலைந்து அச்சுகளைக் கொடுத்துவிட்டு வந்தாலும் நல்லதே. அடுத்த நவராத்திரி வேலை தொடங்குவதற்கு முன் சென்றால், அவர்களுக்கும் நம்மோடு பேசப் பொழுது இருக்கும்.