மகரகமவும் கென்னடி வீதியும்

டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிக்கு அருகேயுள்ள எங்கள் வீட்டில், அம்மாவின் மகரகம ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழ் இன்னும் பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது. இலங்கை அரசு ஆங்கில ஆசிரியர்களைச் சிறப்பாகப் பயிற்றிய இடம் அது. அங்கே படித்தவருக்கு இங்கே கிடைத்தது தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை.

1983க்குப் பின் வந்த நம்மவருக்கு ஆங்கிலம் உடனடித் தேவையாயிற்று. 1992இல் கனடிய அரசு 'லிங்க்' வகுப்புகளைத் தொடங்கியது. நிரந்தர வதிவாளருக்கும் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும் அவை இலவசம். தீர்ப்புக்குக் காத்திருந்தோருக்கு அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட அயல்பெண்கள் எங்கள் சமையலறை மேசைக்கு வந்தார்கள். அம்மா படிப்பித்தார்.

லிங்க் வகுப்பில் படிப்பிக்க அவரால் முடியவில்லை. ஒன்ராறியோவில் அதற்கு, 1972இல் உருவான 'டெஸ்ல் ஒன்ராறியோ' சங்கத்தின் சான்றிதழ் கேட்கப்படலாயிற்று. அதைப் பெறப் பல்கலைக்கழகப் பட்டம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, வகுப்பறைப் பயிற்சி மூன்றும் வேண்டும். கலாசாலைச் சான்றிதழ் பட்டமல்ல. முதல் படியிலேயே அம்மா நின்றுவிட்டார்.

கேம்பிரிட்ஜின் 'செல்ட்டா' இன்னொரு வழி. சுமார் 120 மணிநேரப் படிப்பு. அதில் 6 மணிநேரம் உண்மையான மாணவருக்குப் படிப்பிக்க வேண்டும். வெளிநாட்டு மொழிப் பள்ளிகளில் அதற்கு நல்ல மதிப்பு. லிங்க் வேலைக்கு அது மட்டும் பொதுவாகப் போதாது.

அக்காவின் மகள் சென்ற மாதம் கேட்டாள்: "எதைப் படிக்கட்டும், சித்தி?"

அம்மா முந்திக்கொண்டார்: "எங்க, ஆருக்குப் படிப்பிக்கப் போறாய் எண்டு முதல்ல முடிவெடு பிள்ளை. காசு கட்ட முந்தி, வேலை தாறவையிட்டயே கேள். நான் கேக்காமல் வந்தனான்."